சாரி கார்டு எங்கே, தம்பி?

புது மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வருகிறது. வாசலில் கோலம். அம்மா ஆரத்தி எடுக்கிறாள். முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம் பழம். விளக்கின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். அண்டை வீட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்று வாய் பிளந்து பார்க்கிறார்கள்.

விருதுநகரிலும் சிவகாசியிலும் சாத்தூரிலும் நாள்தோறும் நடக்கிற காட்சி இது. அப்பா மாதத் தவணை கட்டுகிறார். மகன் ஓட்டுகிறான்.

இரண்டு மாதம் கழித்து அந்த வண்டியைப் பாருங்கள். ஆளே மாறிப் போயிருக்கும்!

கைப்பிடி குட்டையாகிவிட்டது. இரண்டு கண்ணாடிகளையும் காணோம். பின் மட்கார்டை அறுத்து எடுத்தாயிற்று. நம்பர் பிளேட்டு சுருங்கிப் போய் சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. சைலன்சர் இருந்த இடத்தில் ஒரு மொட்டைக் குழாய். அது போடுகிற சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கிறது.

கேட்டால், "எக்ஸ்ட்ரா பிட்டிங் போட்டிருக்கேன்" என்பான். "ஆல்டர் பண்ணியிருக்கேன்" என்பான்.

வாலிபர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. வண்டியை அழகு செய்து பார்ப்பது குற்றம் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. ஆனால் எதைச் சேர்க்கலாம், எதைக் கழற்றக்கூடாது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை வீட்டில் உள்ளவர்கள் சொன்னால்தான் காதில் ஏறும். போலீசார் சொன்னால் அபராதத் தொகை மட்டும்தான் நினைவில் நிற்கிறது.

கொம்புக்கு வண்ணம்

தாத்தா மாட்டுப் பொங்கலுக்குக் காளையின் கொம்பைச் சீவி வண்ணம் அடித்தார். கழுத்தில் மணி கட்டினார். பேரன் பெட்ரோல் டாங்கிக்கு வண்ணம் அடிக்கிறான். கைப்பிடியில் குஞ்சம் கட்டுகிறான். இரண்டும் ஒரே ஆசைதான். நமக்குச் சோறு போடுகிறதை, நம்மைச் சுமக்கிறதை, நாலு பேர் பார்க்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிற ஆசை. ஆயுத பூசை அன்று பாருங்கள். ஓட்டை சைக்கிளுக்குக்கூட மாலை விழும்.

சிவகாசிக்காரருக்கு இதில் தனி உரிமையே உண்டு. 1920-ம் ஆண்டுகளில் பி. அய்ய நாடாரும், அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி வந்தது. பெட்டிமேல் ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது. லேபிள் அடிக்க அச்சகம் வந்தது. அதிலிருந்து காலண்டர், நோட்டுப் புத்தகம், டைரி என்று அச்சுத் தொழில் கிளைவிட்டது. "குட்டி ஜப்பான்" என்று பெயரும் வந்தது.

வெறும் பெட்டியில் வண்ணப் படத்தை ஒட்டி, அதை ஊரெல்லாம் கேட்டு வாங்கும்படி செய்த ஊர் இது. அந்த ஊர்ப் பையன் தன் வண்டியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ரத்தத்தில் ஊறிய பழக்கம்!

ஆகவே ஸ்டிக்கர் ஒட்டட்டும். சீட்டுக்கு நல்ல உறை போடட்டும். டாங்கியின் மேல் அம்மன் படமோ, அம்மாவின் பெயரோ எழுதிக்கொள்ளட்டும். வண்டியின் நிறத்தையே மாற்ற ஆசையா? அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் ஒன்று. வண்டியின் நிறம் ஆர்.சி. புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கறுப்பு என்று பதிவான வண்டி சிவப்பாக ஓடக்கூடாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லி, புது நிறத்தைப் பதிந்துகொள்ள வேண்டும். வண்டி திருட்டுப் போனால் கண்டுபிடிக்க உதவுவதும் அந்தப் பதிவுதான்.

சரி, தாத்தாவுக்குத் திரும்புவோம். வண்டிக்கு அவர் என்னென்னவோ அலங்காரம் செய்தார். ஆனால் "பார்க்க நன்றாக இல்லை" என்று சொல்லிக் கடையாணியைப் பிடுங்கிப் போட்டாரா? ராத்திரியில் வண்டிக்கு அடியில் தொங்கும் அரிக்கேன் விளக்கை எடுத்து எறிந்தாரா? இல்லை. அந்த விளக்கு அவருக்குப் பாதை காட்டுவதற்காக மட்டும் தொங்கவில்லை. எதிரே வருகிறவனுக்கு, பின்னால் வருகிறவனுக்கு, "இங்கே ஒரு வண்டி இருக்கிறது" என்று சொல்லத் தொங்கியது.

பேரன் செய்கிற கோளாறு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

யாருக்காக வைத்தார்கள்?

மோட்டார் சைக்கிளில் வாலிபர்கள் முதலில் கழற்றுகிற சாமான்களைக் கவனியுங்கள். சாரி கார்டு. பின் சீட்டுக் கைப்பிடி. கண்ணாடி. மட்கார்டு. நம்பர் பிளேட்டு. சைலன்சர்.

இவற்றில் எதுவுமே ஓட்டுகிறவனின் சவுகரியத்துக்காக வைத்தது அல்ல! சாரி கார்டு, பின்னால் உட்காரும் பெண்ணுக்காக. மட்கார்டு, பின்னால் வருகிறவன் முகத்தில் சேறு அடிக்காமல் இருக்க. கண்ணாடி, பின்னால் வரும் லாரியை இவன் பார்த்து ஒதுங்குவதற்காக. நம்பர் பிளேட்டு, அடிபட்டுக் கிடக்கிறவன் "இந்த வண்டிதான்" என்று சொல்வதற்காக. சைலன்சர், தெருவில் உள்ள காதுகளுக்காக.

வண்டி அவன் வண்டிதான். காசு அவன் அப்பாவின் காசுதான். ஆனால் வண்டியில் சில பாகங்கள் மற்றவர்களுக்குச் சொந்தம். அவன் கழற்றி வீசுவது பிறத்தியார் பங்கை.

"என் வண்டி, என் இஷ்டம்" என்று சொல்கிற தம்பி இதற்கு என்ன பதில் சொல்கிறான் என்று கேட்டுப் பாருங்கள்.

ஐந்தரை மீட்டர் சேலை

சாரி கார்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள்.

பின் சக்கரத்துக்கு இடது பக்கத்தில் கம்பியாலோ தகட்டாலோ ஒரு தடுப்பு இருக்கும். அதுதான் சாரி கார்டு. மற்ற நாட்டு மோட்டார் சைக்கிள்களில் இதைப் பார்ப்பது அபூர்வம். நம் நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி என்ன சொல்கிறது? பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ள நிலையான கைப்பிடி வேண்டும். கால் வைக்க இடம் வேண்டும். உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி, சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும். மூன்றுமே பின் சீட்டுக்காரருக்காக!

நம் தாய்மார்கள் எப்படி உட்காருகிறார்கள்? இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டு, ஒருக்களித்து உட்காருகிறார்கள். மடியில் ஒரு பிள்ளை. கையில் ஒரு பை. இன்னொரு கைதான் மிச்சம். அந்தக் கை பிடிப்பதற்கு ஒரு கம்பி வேண்டும். அந்தக் கம்பியைத்தான் "வண்டி ஒல்லியாகத் தெரிய வேண்டும்" என்று கழற்றிவிடுகிறான் மகன்!

இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு வெள்ளிக்கிழமை போகிற கூட்டத்தைப் பாருங்கள். விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்குக் கிராமங்களிலிருந்து வருகிற கூட்டத்தைப் பாருங்கள். வண்டிக்கு வண்டி பின்னால் ஒரு சேலை காற்றில் பறக்கிறது. சேலையின் நீளம் ஐந்தரை மீட்டர். 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது சக்கரம் ஒரு நொடியில் ஐந்து தடவைக்கு மேல் சுற்றுகிறது. முந்தானை நுனி சக்கரக் கம்பியில் மாட்டினால், "நிறுத்துடா" என்று சொல்லக்கூட அந்தத் தாய்க்கு நேரம் கிடையாது. துணி இழுக்கிற இழுப்பில் ஆள் தலைகீழாக ரோட்டில் விழ வேண்டியதுதான். சுடிதார் போடுகிற தங்கைக்கும் இதே கதிதான். கழுத்தைச் சுற்றிப் போட்ட துப்பட்டா சேலையைவிட மோசம். அது கழுத்தையே இறுக்கும்.

"எங்கம்மா இந்த வண்டியில ஏறவே மாட்டாங்க" என்று சிலர் சொல்லக்கூடும். ஏறாமல் இருப்பார்களா? அர்த்தராத்திரியில் தங்கைக்கு வயிற்றுவலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு எந்த வண்டியில் போவார்கள்? வீட்டில் ஒரே வண்டிதான் இருக்கிறது.

பந்தயக்காரன் கழற்றினான், சரி

இந்த மோகம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்ப்போம். வேடிக்கையாக இருக்கும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து அமெரிக்காவில் ஊர் திரும்பிய சிப்பாய்களில் சிலர் மோட்டார் சைக்கிள் வாங்கி, மட்கார்டை வெட்டி, கனத்தைக் குறைத்தார்கள். லண்டனில் "ஏஸ் கபே" என்று ஒரு காப்பிக் கடை. 1950, 60-களில் வாலிபர்கள் அங்கே கூடி, கைப்பிடியைத் தாழ்த்தி, வண்டியோடு வண்டியாகப் படுத்துக்கொண்டு பந்தயம் விட்டார்கள். "கபே ரேசர்" என்று இன்று நம் பட்டறைகளில் சொல்கிறார்களே, அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். 1969-ல் "ஈசி ரைடர்" என்று ஓர் அமெரிக்கப் படம் வந்தது. அதில் முன் சக்கரம் நீட்டிக்கொண்டு போகும் ஒரு வண்டி. அதைப் பார்த்து உலகம் முழுவதும் பையன்கள் வண்டியை நீட்ட ஆரம்பித்தார்கள்.

நம் நாட்டிலும் ஆசைக்குக் குறைவில்லை. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியோடு சேர்ந்து "என்பீல்டு இந்தியா" ஆரம்பமாயிற்று. திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. 1985-ல் யமகா ஆர்.எக்ஸ். 100 வந்தது. 1996-ல் அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. அது நின்ற பிறகு பிறந்த பையன்கள் இன்று அந்தப் பழைய வண்டியைத் தேடிப் பிடித்து, துரு நீக்கி, பளபளவென்று மெருகு ஏற்றி ஓட்டுகிறார்கள். இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். செத்துப் போன என்ஜினுக்கு உயிர் கொடுக்கிற கை, தொழில் தெரிந்த கை. அந்தப் பையன்களில் நாளைய நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள்.

ஆனால் பந்தய வண்டியைப் பார்த்துக் காப்பி அடிக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பந்தய மைதானத்தில் பின் சீட்டு கிடையாது. அங்கே அம்மா ஏறப் போவதில்லை. எதிரே வண்டி வராது. ஆடு மாடு குறுக்கே வராது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கிடையாது. அதனால் பந்தயக்காரன் கண்ணாடியைக் கழற்றினான், விளக்கைக் கழற்றினான். அவனுக்கு அது சரி.

நம் மாநிலத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் அந்தக் காலத்தில் பந்தயம் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை வந்தது. கோவையிலும் இருக்கிறது. வேகம் வேண்டும் என்கிறவர்கள் அங்கே போய், தலைக்கவசமும் தோல் உடுப்பும் போட்டுக்கொண்டு ஓட்டட்டும். சாத்தூர் ரோடு பந்தயப் பாதை அல்ல.

எந்த ஆபீஸில் வெடித்தது?

இனி சைலன்சர் விஷயம். மற்ற ஊர்க்காரர்கள் இதை வெறும் தொந்தரவு என்று சொல்லலாம். நம் பகுதியில் இது வேறு விஷயம்.

முதலில் சைலன்சர் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். என்ஜினுக்குள் பெட்ரோல் ஆவி எரிகிறதே, ஒவ்வொரு தடவையும் அது ஒரு குட்டி வெடி. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான வெடி! அந்தச் சத்தம் சைலன்சருக்குள் போகிறது. உள்ளே சின்னச் சின்ன அறைகள். ஓட்டை போட்ட குழாய்கள். தடுப்புத் தகடுகள். சத்தம் அங்கேயும் இங்கேயும் முட்டி மோதி, களைத்துப் போய், மெதுவாக வெளியே வருகிறது. உள்ளே உள்ள தடுப்பை எடுத்துவிட்டால், அல்லது மொட்டைக் குழாயை மாட்டிவிட்டால், அத்தனை வெடியும் அப்படியே தெருவுக்கு வருகிறது.

போதாக்குறைக்கு, "டமார்" என்று ஒரு வெடிச்சத்தமும் வரவழைக்கிறார்கள். எரியாத பெட்ரோல் ஆவி, சூடான குழாய்க்குள் போய்த் தீப்பிடிப்பதால் வரும் சத்தம் அது. சில சமயம் குழாய் வாயில் நெருப்பே தெரியும். அதையும் பெருமையாகக் காட்டுகிறார்கள். நெருப்பை! பட்டாசு ஆலைகள் உள்ள ஊரில்!

வாசகர்கள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நம் பகுதியில் ஆலை என்று யாரும் சொல்வதில்லை. "தீப்பெட்டி ஆபீஸ்", "பட்டாசு ஆபீஸ்" என்றுதான் பேச்சு. காலையில் ஆபீஸுக்குப் போன புருஷன், மகள், மருமகள் சாயங்காலம் வீடு திரும்புகிற வரையில், வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு காது எப்போதும் வெளியேதான் இருக்கும். எங்கேயாவது "டொம்" என்று கேட்டால் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வருகிறார்கள். "எந்த ஆபீஸ்?" என்பதுதான் முதல் கேள்வி. புகை எந்தத் திசையில் என்று வானத்தைப் பார்க்கிறார்கள்.

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் மறுபடி ஒரு பெரிய விபத்து. இடையிலும் பிறகும் எத்தனையோ. ஒவ்வொரு கிராமத்திலும் அந்தச் சத்தத்தைக் கேட்ட வீடுகள் இருக்கின்றன.

அந்தத் தெருவுக்குள் ஒருவன் சாயங்காலம் ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து "டமார்" என்று வெடிக்கவிட்டுச் சிரித்துக்கொண்டு போகிறான். அவனுக்கு அது விளையாட்டு. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு நெஞ்சு நின்று போகிறது.

இதைவிட அநியாயம் வேறு என்ன?

பட்டாசுக்கு அளவு, குழாய்க்கு?

இன்னொரு வேடிக்கை. சத்தத்தை அளந்து செய்யக் கற்றுக்கொண்ட ஊர் சிவகாசி. பட்டாசு வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் சத்தம் 125 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று 1999-ல் அரசாங்கம் அளவு வைத்தது. அளந்து பார்க்கச் சிவகாசியிலேயே ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. எத்தனை ஆபீஸ்கள் மூடிக் கிடந்தன, எத்தனை குடும்பங்கள் வேலையின்றித் தவித்தன என்பது இந்தப் பகுதி மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே ஆண்டு தமிழ்நாட்டில் தீபாவளி அன்று காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் மட்டும் பட்டாசு வெடிக்கலாம் என்று நேரம் குறித்தார்கள்.

ஆண்டுக்கு ஒருநாள், இரண்டு மணி நேரம் வெடிப்பதற்கு இத்தனை கட்டுப்பாடு. மொட்டைக் குழாய்க்காரன் தினமும் வெடிக்கிறான்!

மோட்டார் சைக்கிளுக்கும் அளவு இருக்கிறது. கம்பெனியிலிருந்து வெளிவரும்போது, 80 முதல் 175 சி.சி. வரை உள்ள வண்டிக்கு 77 டெசிபல். அதற்கு மேற்பட்டதற்கு 80 டெசிபல். டெசிபல் கணக்கு நாம் பள்ளிக்கூடத்தில் படித்த கூட்டல் கணக்கு மாதிரி இல்லை. 10 கூடினால் ஒலியின் வலிமை 10 மடங்கு. 20 கூடினால் 100 மடங்கு! 80 இருந்த இடத்தில் 100 வந்தால், நூறு வண்டி சேர்ந்து போகிற சத்தத்தை ஒரே வண்டி போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்துக்கு அரசாங்கம் அனுமதிக்கிற அளவு 45 டெசிபல்தான்.

"குழாயை மாற்றினால் வண்டி பறக்கும்" என்று பட்டறையில் சொல்வார்கள். நம்பாதீர்கள். என்ஜினில் மற்ற பாகங்களை அதற்குத் தக்கபடி திருத்தாமல் குழாயை மட்டும் மாற்றினால் பெரிய பலன் கிடையாது. சத்தம் கூடினால் வேகம் கூடியதுபோல் தோன்றுகிறது, அவ்வளவுதான். 2020 ஏப்ரல் முதல் விற்கும் வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்கிற கருவியும் அந்தக் குழாய்ப் பாதையில்தான் இருக்கிறது. முழுக் குழாயையும் கழற்றினால் அதுவும் போச்சு.

அபராதம் எவ்வளவு?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சொல்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே 2019-ல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையையும் கூட்டினார்கள். இப்படி மாற்றுகிற சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனியுங்கள். நாலு மாற்றம் என்றால் 20 ஆயிரம்! சத்தத்துக்கும் புகைக்கும் உள்ள பிரிவில் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் போட முடியும். மூன்று மாதம் லைசென்சும் போகும்.

வண்டி யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் அப்பா பெயரில். அப்படியானால் சட்டத்தின் முன் நிற்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரரும் "கம்பெனி பாகம் எங்கே?" என்று கேட்பார்.

பல நகரங்களில் போலீசார் பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோட்டில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலரை ஏற்றி நசுக்கினார்கள். படம் பார்த்திருப்பீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். கடைவீதியில் அதே குழாய்கள் மாலை மாலையாகத் தொங்குகின்றன. பகலில் விற்கிறார்கள். ரசீது போட்டும் விற்கிறார்கள். வாங்கி மாட்டியவனைப் பிடித்து நசுக்குகிறார்கள். விற்கிறவரைக் கேட்பார் யார்? பத்துப் பையன்களைப் பிடிப்பதைவிட ஒரு கடையைப் பார்ப்பது சுலபம் அல்லவா? அதிகாரிகள் இதை யோசிக்க வேண்டும்.

இதுவும் ஆல்டர்தான்

வண்டியை மாற்றுவது எல்லாமே கெடுதல் என்று நினைத்துவிடக் கூடாது. கால் நடக்க முடியாதவர்கள் ஓட்டுவதற்காக, ஸ்கூட்டரின் பின் சக்கரத்துக்கு இரு பக்கமும் இணைப்புச் சக்கரம் பொருத்துகிறார்கள். அந்த மாதிரி ஸ்கூட்டர்களைத் தமிழ்நாடு அரசு மாற்றுத் திறனாளிகளுக்கு இலவசமாக வழங்கி வருகிறது. கலெக்டர் ஆபீஸில் வாங்கிக்கொண்டு, தாமே ஓட்டிக்கொண்டு வெளியே வருகிறார்களே, அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்! இதற்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. பதிவும் செய்து தருகிறார்கள்.

1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-ஐயும் அதன் தம்பிமார்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் குழந்தைக்கு ஒரு சின்ன சீட்டு. பின்னால் இரும்புச் சட்டம், பெட்டி, தராசு. பால்காரர், காய்கறிக்காரர், நுங்கு விற்கிறவர் எல்லோரும் தலைச்சுமையை இறக்கி அதில் வைத்தார்கள். அளவுக்கு மீறி ஏற்றினால் அதுவும் ஆபத்துதான். ஆனாலும் அந்த வண்டியில் செய்கிற மாற்றம் ஒவ்வொன்றும் யாருக்கோ உதவுகிறது. "ஸ்டைல்" என்று யாரும் அதைச் சொல்வதில்லை.

கம்பெனிக்காரர்களே இப்போது ஆசைக்குத் தக்கபடி நிறம், சீட்டு, கண்ணாடி என்று தேர்ந்தெடுக்க வசதி செய்து கொடுக்கிறார்கள். விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் சண்டை இல்லாத செலவு.

பெற்றோருக்கு ஒரு யோசனை. பையனைத் திட்டாதீர்கள். திட்டினால் வண்டியை நண்பன் வீட்டில் நிறுத்துவான். அதற்குப் பதிலாக அம்மா ஒருநாள் வண்டியில் ஏறி உட்காரட்டும். வெளியே போகக்கூட வேண்டாம். வாசலில் நிற்கிற வண்டியில் ஏறினாலே போதும். "எங்கடா பிடிக்க?" என்று கேட்கட்டும். "சேலையை எங்கே வைக்க?" என்று கேட்கட்டும். அவன் பதில் தேடுவான்.

கழற்றிய சாரி கார்டு எங்கேயும் போயிருக்காது. பட்டறைக்குப் பின்னால் பழைய இரும்புக் குவியலில் கிடக்கும். அல்லது உங்கள் வீட்டுப் பரண்மேல் கிடக்கும். இரண்டு மூன்று போல்ட்டுதான். பத்து நிமிட வேலை. இன்று ஞாயிற்றுக்கிழமை. பையன் வீட்டில்தான் இருப்பான்.